சோள மூட்டை வண்டும் 24 குரோமோசோமும்

தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஆறாம் படிவத்தில் படிக்கும் என் மாணவி ஒருத்தி இரண்டு கண்ணாடிப் போத்தல்களைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒன்றில் அரிசி, மற்றதில் காய்ந்த மக்காச்சோளம். இரண்டிலும் வண்டு மொய்த்துக்கொண்டிருந்தது.

அவளுடைய அப்பாவுக்குப் பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபோ பாசாரில் மளிகைக் கடை. பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களும் அன்னதானக்காரர்களும் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிப் போன பிறகு, அடியில் தங்கிய மூட்டைகளை நகர்த்தியபோதுதான் வண்டு கிளம்பியிருக்கிறது. சோளம் அந்தப் பக்கத்தில் புறாவுக்கு இரை போடுகிறவர்கள் கேட்பதால் வாங்கி வைத்தது.

"ரெண்டும் ஒரே வண்டா, வேற வேறயான்னு அப்பா கேக்கிறாரு டீச்சர். ஒரே வண்டுன்னா ஒரு மூட்டையில இருந்து இன்னொண்ணுக்குத் தாவியிருக்கும்ல?"

கடைக்காரர் கேட்ட கேள்விதான், ஆனால் உயிரியலில் அது சுலபமான கேள்வி இல்லை. அதற்கு நான் முதலில் சொன்ன பதில் தவறு. எப்படித் தவறியது, எப்படித் திருந்தியது என்பதை முழுக்க எழுதி வைக்கிறேன். நான் விழுந்த குழி வண்டுக் குரோமோசோம்களை, அதாவது செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளை, படிக்கிற யாருக்கும் காத்திருக்கிற குழி.

மூன்று கூன்வண்டுகள்

தானியத்தைத் துளைக்கும் கூன்வண்டுகளில் நமக்கு முக்கியமானவை மூன்று. அரிசிக் கூன்வண்டு, அதாவது சிடோஃபிலஸ் ஒரைசே. சோளக் கூன்வண்டு, சிடோஃபிலஸ் ஸியாமைஸ். மூன்றாவது குளிர்நாட்டுக் களஞ்சியங்களில் கோதுமையைத் தின்னும் சிடோஃபிலஸ் கிரனேரியஸ். இதைக் களஞ்சியக் கூன்வண்டு என்று சொல்லிக்கொள்வோம்.

மூன்றும் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளம். முகத்திலிருந்து தும்பிக்கை போல ஒரு மூக்கு நீளும். பெண் வண்டு அதன் நுனியிலுள்ள வாயால் மணியில் குழி தோண்டி, ஒரு முட்டை இட்டு, பசை போன்ற ஒன்றால் அந்தக் குழியை அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே வளரும். வளர்ந்த வண்டு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரியும். அதனால்தான் நேற்றுப் புடைத்துச் சுத்தமாக எடுத்து வைத்த அரிசியில் அடுத்த வாரம் வண்டு நிற்கிறது.

அரிசி வண்டையும் சோள வண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. லின்னேயஸ் 1763இல் ஒன்றுக்குப் பெயர் வைத்தார்; மோட்சுல்ஸ்கி 1855இல் மற்றதுக்கு வைத்தார். ஆனாலும் பல பத்தாண்டுகளாக இரண்டையும் ஒரே இனத்தின் சின்ன வகை, பெரிய வகை என்றே பலர் எழுதிவந்தார்கள். குஷெல் 1961இல்தான் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவைத்தார். பெயரில் அரிசி, சோளம் என்று இருப்பதை நம்பவும் கூடாது. சோள வண்டு அரிசியை ஒரு குறையும் இல்லாமல் தின்னும். அரிசி வண்டும் சோளத்தை விடாது.

களஞ்சிய வண்டு மட்டும் கொஞ்சம் தனி. அதற்குப் பறக்கும் இறக்கை கிடையாது. சரக்கோடு வந்தால்தான் உண்டு.

குரோமோசோம் எண்ணிக்கைப்படி அரிசி வண்டுக்கு 22, சோள வண்டுக்கும் 22, களஞ்சிய வண்டுக்கு 24. சோள வண்டு பற்றி இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை.

முதல் ஸ்லைடு

பாடத்திட்டத்துக்கு வெளியேதான், இருந்தாலும் அவள் ஆர்வமாக இருந்தாள். பள்ளி முடிந்த மாலைகளில் இருவரும் உட்கார்ந்தோம்.

ஆண் வண்டுதான் வேண்டும். விந்தகத்தில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும். சாதாரணச் செல் பிரிவான மைட்டாசிஸ், விந்து உண்டாகும்போது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் பிரிவான மியாசிஸ் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆணைத் தேர மூக்கைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு மூக்கு குட்டை, தடிமன், சொரசொரப்பு. பெண்ணுக்கு நீளம், மெலிவு, வழவழப்பு. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அடியில் பத்து வண்டு பார்த்ததும் அவளுக்குக் கண் பழகிவிட்டது. எனக்கு முன்னால் அவளே ஆண், பெண் என்று ஒதுக்க ஆரம்பித்தாள்.

வண்டைக் குளிர்பெட்டியில் சில நிமிடம் வைத்தால் அசையாது. உப்புக் கரைசலில் போட்டு, முதுகுப்பக்கம் இறக்கை மூடிகளை அகற்றி, வயிற்றைத் திறந்து, கடுகில் பாதிகூட இல்லாத அந்த வெள்ளை உருண்டைகளை ஊசியால் எடுக்க வேண்டும். சற்று நேரம் நீர்த்த கரைசலில் விட்டால் செல்கள் உப்பும், குரோமோசோம்கள் ஒன்றை ஒன்று விட்டு விலகும். பிறகு மூன்று பங்கு மெத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலம். அதில் ஊறியதிலிருந்து ஒரு துணுக்கை ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டு நீர்த்த அசிட்டிக் அமிலம் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, உறிஞ்சுதாளை மடித்து வைத்து, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நேர் கீழாக மட்டும். பக்கவாட்டில் ஒரு முடியளவு நழுவினாலும் செல்கள் பாய் சுருட்டின மாதிரி உருண்டுவிடும். முதல் நாள் செய்த ஸ்லைடுகள் முழுவதும் அப்படித்தான் போயின. பினாங்கின் ஈரக்காற்றில் ஸ்லைடு காயவே ஒரு இரவு ஆனது. மறுநாள் ஜீம்சா சாயம்.

அரிசிப் போத்தல் வண்டின் ஸ்லைடில் ஒரு நல்ல செல் கிடைத்தது. எண்ணினோம். 22.

சோளப் போத்தல் வண்டின் ஸ்லைடில் மியாசிஸ் நிலை எதுவும் தெளிவாக இல்லை. மியாசிஸுக்குள் இன்னும் நுழையாத விந்துத் தாய்ச்செல் ஒன்று மட்டும் அழகாக விரிந்து கிடந்தது. எண்ணினோம். 24. அவள் எண்ணினாள், நான் எண்ணினேன், படமெடுத்துத் தாளில் வரைந்து மறுபடி எண்ணினோம். 24தான்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. 24 என்றால் களஞ்சிய வண்டு. வெப்பநாட்டுக் கடையில், புறாத் தீனி மூட்டையில், குளிர்நாட்டுப் பூச்சி! எந்தக் கப்பலில் வந்தது, எந்தக் கிடங்கில் தங்கியது என்று மனம் ஓட ஆரம்பித்தது. அன்று இரவே துறைசார்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டேன், காலையில் அனுப்பலாம் என்று. அனுப்பியிருந்தால், சோளம் கொண்டுவந்து கொடுத்த வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் வீண் தலைவலி. ஒரே ஒரு வண்டின் ஒரே ஒரு செல்லை வைத்துக்கொண்டு நான் அந்த முடிவுக்குப் போயிருந்தேன்.

விளக்கைச் சுற்றிய வண்டு

காலையில் அவளிடம் சொன்னேன்: "இது பறக்க முடியாத வண்டும்மா. இறக்கையே இருக்காது."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "இல்ல டீச்சர். நேத்து ராத்திரி கடையில சோள மூட்டையைத் திறந்தப்ப ரெண்டு மூணு பறந்துச்சு. டியூப் லைட்டைச் சுத்திச்சு. நான் பார்த்தேன்."

எழுதிய குறிப்பை அப்படியே நிறுத்தி வைத்தேன்.

அதே போத்தலிலிருந்து இன்னொரு வண்டை எடுத்து இறக்கை மூடியைத் தூக்கிப் பார்த்தோம். உள்ளே மெல்லிய இறக்கை, மடித்து வைத்த வெங்காயத் தோல் போல. முன்மார்பில் உள்ள குழிகள் வட்டமாக இருந்தன. களஞ்சிய வண்டுக்கு அவை நீள்வட்டம். இறக்கை மூடியில் மங்கலாக நான்கு செம்புள்ளிகள். எந்தப் பக்கம் பார்த்தாலும் களஞ்சிய வண்டு இல்லை.

அப்படியானால் 24 எங்கிருந்து வந்தது?

அப்போதுதான் மறந்த செய்தி ஞாபகத்துக்கு வந்தது. சோளக் கூன்வண்டுக்கு உபரி குரோமோசோம் உண்டு. பி குரோமோசோம் என்பார்கள். வழக்கமான 22க்கு மேலே, ஒரு வண்டில் ஒன்றும் இருக்காது, இன்னொன்றில் ஒன்று, வேறொன்றில் இரண்டோ அதற்கு மேலோ. உயிர் வாழ அவை தேவையில்லை. இல்லாத வண்டும் நன்றாகவே வாழ்கிறது.

இரண்டு பி உள்ள சோள வண்டுக்கும், ஒரு பி-யும் இல்லாத களஞ்சிய வண்டுக்கும் மொத்தம் ஒன்றுதான்: 24. எண்ணிக்கை மட்டும் பார்த்தவனுக்கு இரண்டும் ஒரே வண்டு.

23 கிடைத்த நாள்

நிரூபிக்க என்ன வழி? மியாசிஸைப் பார்த்தாலே போதும் என்று தோன்றும். அங்கே குரோமோசோம்கள் சோடி சேர்ந்து நிற்கும். சாதாரண சோள வண்டில் 10 சோடியும், ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புடைய பால் குரோமோசோம் சோடியும், ஆக 11 உருவங்கள். களஞ்சிய வண்டில் 11 சோடியும் பால் சோடியும், ஆக 12. ஆனால் சோள வண்டின் இரண்டு பி-யும் தமக்குள் சோடி சேர்ந்துவிட்டால் அங்கேயும் 12தான் வரும். திரும்பவும் அதே குழி.

ஆகவே நமக்குத் தேவை ஒற்றைப்படை. ஒரே ஒரு பி உள்ள வண்டு கிடைத்தால், அந்தக் குரோமோசோமுக்குச் சோடியே இருக்காது; தனியாக நிற்கும். பால் குரோமோசோமை விட்டால், ஒரு இனத்துக்கே உரிய குரோமோசோம் அப்படி அநாதையாக நிற்காது. அதோடு, ஒரே மூட்டையின் வண்டுகளில் எண் ஆளுக்கு ஆள் மாறினால், கூடுதலாக இருப்பது இனத்தின் அடையாளம் இல்லை, அந்தத் தனி வண்டின் சுமை என்று தெரிந்துவிடும்.

சோளப் போத்தலிலிருந்து அடுத்தடுத்த மாலைகளில் ஆண்களை அறுத்தோம். நன்றாக எண்ண முடிந்தவை ஐந்து. இரண்டில் 24. ஒன்றில் 22. ஒன்றில் 25. கடைசியாகச் செய்ததில் 23.

அந்தக் கடைசி ஸ்லைடு இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்ணெய் விட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், மியாசிஸின் முதல் நடுநிலையில் ஒரு செல். பத்துச் சோடிகள், ஒவ்வொன்றும் குட்டைக் கம்பு போலவும் வளையம் போலவும். ஓரத்தில் பால் குரோமோசோம் சோடி. எல்லாவற்றையும் விட்டு விலகி, புள்ளி போல ஒன்று, துணையில்லாமல். அவள் கண்ணை எடுக்காமலே, "ஒண்ணு தனியா நிக்குது டீச்சர்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் விடை இருந்தது.

ஆணுறுப்பையும் பிரித்துப் பார்த்தோம். சோள வண்டுக்கு அதன் மேற்புறத்தில் நீளவாட்டில் இரண்டு பள்ளங்கள் ஓடும். அரிசி வண்டுக்கு அது வழவழவென்று இருக்கும். சோளப் போத்தல் ஆண்கள் ஐந்துக்கும் பள்ளம் இருந்தது.

இங்கே ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. இந்த உபரிகளை முதலில் கண்டெழுதியவர் எட்மண்ட் வில்சன், 1907இல், நாவாய்ப் பூச்சிகளில். அவற்றுக்கு 'பி' என்ற பெயரைத் தந்தவர் ராண்டால்ஃப், 1928இல். அவர் பார்த்த உயிர் மக்காச்சோளம். சோளத்திலும் பி, அந்தச் சோளத்தைத் தின்னும் வண்டிலும் பி. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வந்ததல்ல. செடியிலும் பூச்சியிலும் தனித்தனியே நடந்த ஒரே மாதிரிச் சங்கதி.

பாரசூட்

அந்த 23 ஸ்லைடின் ஓரத்தில் இருந்த பால் சோடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டுக் குரோமோசோம்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

பக்கவாட்டில் பார்த்தால், சோடியில் பெரியதான எக்ஸ் குரோமோசோம் குடை போல வளைந்திருக்கும். அடியில் சின்னஞ்சிறு ஒய், குடையில் தொங்கும் ஆள் போல. அப்படியே பாரசூட். ஆய்வாளர்கள் இதற்கு வைத்த குறியும் எக்ஸ்ஒய்பி. அந்த பி பாரசூட்டைத்தான் குறிக்கும், உபரி குரோமோசோமின் பி-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மற்ற குரோமோசோம்கள் மியாசிஸில் துண்டு மாற்றிக்கொண்டு ஒன்றை ஒன்று பிடித்திருக்கும். எக்ஸும் ஒய்யும் அப்படித் துண்டு மாற்றிக்கொள்வதில்லை. இடையில் உள்ள பொருளைப் பற்றிக்கொண்டு, தொடாமல் எதிரெதிரே நின்று, பிறகு நேராக எதிர்த்திசைகளுக்குப் போய்விடும்.

வண்டினத்தின் மிகப் பெரிய கிளை பாலிஃபேகா. கூன்வண்டு, மாவு வண்டு, பயறு வண்டு, பொறிவண்டு, காண்டாமிருக வண்டு எல்லாம் அதில்தான். அந்தக் கிளையின் மூதாதை அமைப்பு ஒன்பது சோடியும் பாரசூட்டும், மொத்தம் 20 என்று ஸ்டான்லி ஸ்மித்தும் நீலோ விர்க்கியும் 1978இல் தொகுத்த நூல் காட்டியது. இன்றுவரை அது நிற்கிறது. மூதாதைக்கு ஒன்பது சோடி, நம் கூன்வண்டுக் குடும்பத்தில் பெரும்பாலும் பத்து, களஞ்சிய வண்டில் பதினொன்று. சோடிகள் உடைகின்றன, ஒட்டுகின்றன. பாரசூட் அப்படியே இருக்கிறது.

ஏன் இருக்கிறது? ஹீத் பிளாக்மனும் ஜெஃப்ரி டெமுத்தும் 2014இல் சொன்ன விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. தரைவண்டுகள் அடங்கிய அடிஃபேகா கிளையில் எக்ஸும் ஒய்யும் பிரிய, துண்டு மாற்றிக்கொள்ளும் இடம் தேவை. காலப்போக்கில் ஒய் தேய, அந்த இடம் சுருங்கும். சுருங்கினால் பிரிவில் பிழை வரும். ஒரு நாள் ஒய் தொலைந்தே போகும். அந்தக் கிளையில் ஒய் இல்லாத வண்டுகள் ஏராளம். பாரசூட் வண்டுகளுக்குத் துண்டு மாற்றமே தேவையில்லை என்பதால், ஒய் எவ்வளவு தேய்ந்தாலும் தொங்கிக்கொண்டு பிழைத்துவிடுகிறது. தொடாமல் நிற்பதுதான் அதைக் காப்பாற்றியது.

இந்தச் சிறிய ஒய்யை உலகுக்குக் காட்டியதும் ஒரு வண்டுதான். நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1905இல் மாவுப்புழு வண்டின் விந்தகத்தைப் பார்த்தார். பறவைக் கடைகளில் தீனியாக விற்கிறார்களே, அந்தப் புழுதான். பெண்ணின் உடல் செல்லில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆணில் 19 பெரியது, ஒன்று மட்டும் குட்டி. குட்டி போய்ச் சேர்ந்த விந்திலிருந்து ஆண் பிறக்கிறது என்று அவர் எழுதினார். ஆணா பெண்ணா என்பது குரோமோசோமில் இருக்கிறது என்பதற்கு இவ்வளவு நேரடியான சான்று அதற்கு முன் இல்லை. நாற்பதை நெருங்கிய வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். 1912இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவர் செய்ததும் இதுவேதான்: எண்ணுவதோடு நிற்கவில்லை, எது எதோடு சேர்ந்து நிற்கிறது, பிரியும்போது எது எங்கே போகிறது என்று பார்த்தார். வண்டுகளில் பல கோடி ஆண்டுகளாக ஒன்றாகவே இருந்துவரும் குரோமோசோம் தொகுதிகளுக்கு 2024இல் வெளியான ஆய்வு ஒன்று 'ஸ்டீவன்ஸ் கூறுகள்' என்று அவர் பெயரையே வைத்தது. என் மாணவியிடம் இதைச் சொன்னபோது அவள் நோட்டில் அந்தப் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டாள்.

குறைவதும் கூடுவதும்

அந்த 2024 ஆய்வின் நடுவில் இருந்ததும் நம் சமையலறைப் பூச்சிதான். ஆட்டா மாவில் சிவப்பாக ஓடுமே, அந்த மாவு வண்டுக்கு நெருங்கிய உறவு. நம் ஊரில் கிடைப்பது டிரைபோலியம் கஸ்டானியம், 20 குரோமோசோம், பாரசூட்டோடு. அதன் உறவான டிரைபோலியம் கன்ஃபியூசமுக்கு 18. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் கன்ஃபியூசத்தில் ஒரு சாதாரணக் குரோமோசோம் பால் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டது. அதனால் எண் குறைந்தது, பாரசூட்டும் போனது. ஒட்டிக்கொண்ட பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் பால் குரோமோசோமின் குணங்களை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்த ஆய்வின் சாரம்.

இங்கே 18 என்ற எண்ணும் எங்கள் 24 என்ற எண்ணும் ஒரே வகைச் செய்தி போலத் தோன்றும். இரண்டுக்கும் காரணம் வேறு. 18இல் அந்தச் சாதாரணக் குரோமோசோம் தொலையவில்லை. இரண்டு பெட்டியில் இருந்த சாமான் ஒரே பெட்டிக்கு மாறியிருக்கிறது. சோள வண்டின் 24இல் வீட்டுச் சாமான் கூடவில்லை; யாரோ இரண்டு பெட்டியை வாசலில் வைத்துப் போயிருக்கிறார்கள். களஞ்சிய வண்டின் 24இல் ஒரு பெட்டியை இரண்டாகப் பிரித்திருக்கலாம். சோடி சேர்வதைப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.

வண்டுலகில் எண் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு இரண்டு முனைகள்: சால்கோலெபிடியஸ் ஸோனேட்டஸ் என்ற சொடுக்கு வண்டில் வெறும் 4, ஒரு தரைவண்டில் 69. பிளாப்ஸ் பாலிக்ரெஸ்டா என்ற கருவண்டின் ஆணில் பால் குரோமோசோம்கள் மட்டுமே 12 எக்ஸ், 6 ஒய். கனடாவில் கைலோகோரஸ் பொறிவண்டுகளைப் பல ஆண்டு படித்த ஸ்மித், ஒரே இனத்துக்குள்ளேயே குரோமோசோம்கள் ஒட்டிக்கொள்வதால் எண் இடத்துக்கு இடம் மாறுவதைக் காட்டினார்.

எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் டிஎன்ஏ அளவு ஒன்றாக இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாவு வண்டின் 20 குரோமோசோமில் சுமார் 20 கோடி டிஎன்ஏ எழுத்துகள். அரிசிக் கூன்வண்டின் 22இல் அதைப்போல நான்கு மடங்குக்குக் கிட்ட. அந்தக் கூடுதலில் பெரும்பகுதி தன்னைத் தானே நகலெடுத்து இடம் மாறும் துண்டுகள். இரண்டு குரோமோசோம் வித்தியாசத்தைப் பார்த்து யாரும் அதை ஊகிக்க முடியாது.

என் அம்மா கெடாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1981க்கு முன் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் ஊட்டுவது மனிதக் கைகள்தான். மகரந்தத்தை டால்க் தூளில் கலந்து பூக்குலையில் ஊத வேண்டும். முள் கிழித்த கைகளோடு வீட்டுக்கு வருவார். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், எலைடோபியஸ் கமெருனிகஸ். அந்த வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. அதனால்தான் 'கூன்வண்டு' என்றதும் அழிவு என்று மட்டும் எனக்குத் தோன்றுவதில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுகிறது.

அரிசிப் போத்தலுக்குத் திரும்பியபோது

சோளப் போத்தல் தீர்ந்தது. அரிசிப் போத்தலில் 22 பார்த்தோமே, அது அரிசி வண்டு என்று எழுதி முடித்துவிடலாமா? நான் எழுதப் போனேன். அவள்தான் நிறுத்தினாள்.

"டீச்சர், சோளப் போத்தல்லயும் ஒண்ணு 22 இருந்துச்சே."

ஆமாம். பி இல்லாத சோள வண்டுக்கும் 22தான். 24 என்ற எண் இரண்டு இனங்களை மறைத்தது போலவே 22 என்ற எண்ணும் இரண்டு இனங்களை மறைக்கும். பி இருந்தால் சோள வண்டு என்று சொல்லலாம். பி இல்லாததை வைத்து அரிசி வண்டு என்று சொல்லவே முடியாது.

அரிசிப் போத்தல் ஆண்களின் உறுப்பைப் பிரித்துப் பார்த்தோம். பெரும்பாலானவை வழவழப்பு. அரிசி வண்டுதான். ஆனால் இரண்டில் மட்டும் அந்த இரட்டைப் பள்ளம் தெளிவாக இருந்தது. அரிசிக்குள் சோள வண்டு. இரண்டு இனமும் ஒரே போத்தலில், ஒரே உருவத்தில், பெரும்பாலும் ஒரே எண்ணிக்கையில் நின்றிருக்கின்றன.

ஆகவே கடைக்காரருக்கு இறுதியாக நாங்கள் கொண்டுபோன பதில் இது. சோள மூட்டையில் இருப்பது சோளக் கூன்வண்டு. அரிசியில் இருப்பது பெரும்பாலும் அரிசிக் கூன்வண்டு, கூடவே சோளக் கூன்வண்டும் கலந்திருக்கிறது. இரண்டும் பறக்கும். எந்த மூட்டையிலிருந்து எதற்குப் போனது என்பதை எங்கள் ஸ்லைடுகள் சொல்லாது.

"அப்ப ரெண்டையும் தள்ளித் தள்ளி வைக்கணும், இல்லையா டீச்சர்?" என்றார் அவர்.

"ஆமாண்ணே. சோளத்தைப் பின்கட்டுக்கு மாத்திடுங்க. அடி மூட்டை தங்காம, சின்ன மூட்டையா வாங்குங்க. சந்தேகமா இருக்கிறதை ஒரு வாரம் ஃபிரீசர்ல போட்டு எடுத்தா உள்ளே இருக்கிற புழுவும் போயிடும்."

வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடலாமா என்று கேட்டார். மணிக்குள் அடைபட்ட புழுவை அது தொடாது என்று சொன்னேன். சரி என்றார். இருந்தாலும் போன வாரம் போனபோது அரிசி டின்னுக்குள் நாலு மிளகாய் கிடந்தது.

எழுதி நிறுத்தி வைத்த அந்தக் குறிப்பை அழிக்கவில்லை. ஸ்லைடு பெட்டிக்குள், 23 என்று எழுதிய ஸ்லைடுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன்.

நேற்று அவள் மூன்றாவது போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தாள். பச்சைப்பயறு. ஒவ்வொரு பயறிலும் ஊசி குத்தினாற்போல வட்ட ஓட்டை, உள்ளே பழுப்பு வண்டு, காலோஸோப்ருகஸ் கைனென்சிஸ் போலிருக்கிறது. 20 குரோமோசோம், பாரசூட் உள்ள இனம். அதன் எக்ஸ் குரோமோசோமுக்குள் வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் மரபணுத் துண்டு ஒட்டிக்கொண்டிருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் கண்டார்கள். பாக்டீரியாவின் துண்டு ஒரு பூச்சியின் குரோமோசோமில் குடியேறிவிட்டது. எங்கள் நுண்ணோக்கியில் அது தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, பாரசூட்டையாவது பார்ப்போம் என்றாள்.

"இதுல ஆண் எது டீச்சர்? மூக்கே இல்லையே."

"உணர்கொம்பைப் பாரும்மா. சீப்புப் பல் மாதிரி இருந்தா ஆண்."